தண்ணீர் படாத தரை

ரவுண்டப், மொன்டானா
3 அக்டோபர் 1977

அன்புள்ள ராய்ஸ் அண்ணனுக்கு,

நான், ஆர்டன், மார்னி மூவரும் நலம். நீ நலமா? உன் சுரங்க முகாமும் அந்தச் சமையல்காரர் கஸ்ஸும் எப்படி இருக்கிறார்கள்? அலாஸ்காவில் இப்போதே பனி கொட்டத் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்குக் காதுவலி வந்தால் வீட்டையே இரண்டாக்குவாய், கஸ் பாவம்.

உன்னால் எனக்கு ஒரு தொல்லை வந்திருக்கிறது. போன வருஷம் வேட்டைக்கு வந்தபோது உன் பழைய இரும்புச் சட்டியையும் குண்டு வார்க்கும் அச்சையும் ஆர்டனிடம் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா? இந்த மனுஷர் இப்போது அதைக் கையில் எடுத்துவிட்டார். குதிரை தள்ளி முதுகு போனதிலிருந்து பண்ணை வேலைக்குப் போக முடியவில்லை. சும்மா உட்காரவும் தெரியவில்லை. டயர் கடையில் சக்கரத்தின் எடை சமமாக மாட்டி, பிறகு வேண்டாமென்று கழற்றிப் போடும் ஈயக்கட்டிகளை வாளி வாளியாக அள்ளி வந்து, நிலவறையில் உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்க்கிறார்.

வார்க்கட்டும், யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் சனிக்கிழமை காப்பிக் கோப்பையைக் கொண்டுபோய் அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். முழங்கை பட்டு ஒரு வாய்க் காப்பி கொதிக்கிற ஈயத்தில் விழுந்துவிட்டது. துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் மேல் உத்தரம் வரைக்கும் ஈயம் தெறித்து ஒட்டியிருக்கிறது. முன்கை முழுவதும் கொப்புளம். “ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்ல, கத்தாத” என்று கையைப் பின்னால் ஒளிக்கிறார். படிக்கட்டு மேலே நின்றுகொண்டு உன் மருமகள் மார்னி “பூம்! பூம்!” என்று கை தட்டுகிறாள். எனக்கு உயிரே போய்விட்டது.

விட்டுத் தொலையுங்கள் என்றால், “உங்கண்ணன் எத்தன வருஷமா பண்றாரு, செத்தா போயிட்டாரு?” என்கிறார். ஆகவே நீயே சொல். முதுகு வலிக்காமல், வீடு பற்றிக்கொள்ளாமல் இதைச் செய்வது எப்படி? நீ சொன்னால்தான் அவர் காதில் ஏறும்.

மார்னிக்கு டிசம்பரில் இரண்டு வயது முடிகிறது. வாய் ஓய்வதில்லை. வீட்டில் மூன்று பேர், பேச்சு முழுவதும் ஒருத்திதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை,
வெர்லா


சுரங்க முகாம், அலாஸ்கா
20 அக்டோபர் 1977

அன்புத் தங்கை வெர்லாவுக்கு,

நலம். கஸ்ஸும் நலம், அவன் சமையல்தான் நோயாளி. இனி வருவதை மாப்பிள்ளைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

மாப்பிள்ளை, உருகின ஈயத்துக்குப் பக்கத்தில் காப்பி வைக்கிறவனை நான் இதுவரை பார்த்ததில்லை. தண்ணீர்தான் நமக்கு எமன். ஒரு சொட்டு போதும், சட்டியில் இருப்பதெல்லாம் உங்கள் முகத்துக்கு வந்துவிடும். அந்த அறைக்குள் ஈரம் நுழையவே கூடாது. குடிக்கிற தண்ணீர், ஈரக் கையுறை, பனி ஒட்டிய பூட்ஸ் எல்லாம் மேலேயே நிற்கட்டும். வெர்லா, உன்னிடமும் சொல்கிறேன். நீ பெரிய சுத்தக்காரி, வாளியும் துணியுமாக இறங்கிவிடாதே. சிமெண்டுத் தரை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் போதும்.

அடுத்தது ஜன்னல். எவ்வளவு குளிரானாலும் வார்க்கும்போது திறந்து வையுங்கள். முதுகுக்குப் பின்னால் மின்விசிறி ஓடட்டும், புகை வெளியே போய்விடும். தோல் கையுறை, கண்ணாடி, பருத்திச் சட்டை. நைலான் போட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

முதுகு விஷயம். மேசை உங்கள் முழங்கை உயரத்துக்கு இருக்கட்டும், குனிந்து வார்க்காதீர்கள். சாய்வு உள்ள நாற்காலி போடுங்கள். சிமெண்டுத் தரை காலிலிருந்து சூட்டை உறிஞ்சிவிடும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். பழைய கம்பளம் ஏதாவது இருந்தால் விரித்துவிடுங்கள். கை தவறி விழுகிற குண்டும் நசுங்காது. நான் இங்கே அப்படித்தான் செய்திருக்கிறேன். ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு, வாயில் ஒரு சிகரெட்டுடன், முகாமில் இருக்கிற எல்லோருக்கும் நான்தான் வார்த்துக் கொடுக்கிறேன். வெளியே உறைகிற குளிர், எனக்கு வேறு என்ன வேலை?

மார்னிக்கு முத்தம். கொப்புளத்தில் வெண்ணெய் தடவாதே, அது பழைய வைத்தியம்.

ராய்ஸ்


ரவுண்டப்
14 நவம்பர் 1977

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம், அங்கே எப்படி? உன் கடிதத்தை ஆர்டனுக்கு இரண்டு தடவை படித்தேன். “எமன்” என்ற இடத்தில் முகம் சிவந்துவிட்டது. “மச்சான் சரியாத்தான் சொல்றாரு” என்று அன்றைக்கே மேசைக் காலுக்குக் கட்டை வைத்து உயர்த்தினார். மின்விசிறி வந்தாயிற்று. கண்ணாடி வந்தாயிற்று. கூடத்தில் கிடந்த அம்மாவின் பச்சைக் கம்பளத்தைக் கீழே விரித்தாயிற்று. என் கையில் ஈரத்துணியைப் பார்த்தாலே இப்போது கத்துகிறார்: “ஏய், தண்ணி! தண்ணி! மேலயே நில்லு!” நான் ஏதோ வெடிகுண்டோடு இறங்குகிற மாதிரி.

ஒன்று சொல்லட்டுமா? இப்போது அந்த நிலவறைதான் வீட்டிலேயே நல்ல அறை. கணப்பு அங்கே இருப்பதால் கதகதப்பாக இருக்கிறது. மேலே சமையலறையில் மூச்சு விட்டால் புகைகிறது. அதனால் அவர் வார்த்து முடித்து, ஜன்னலை மூடி, அறை சூடானதும் நானும் மார்னியும் இறங்கிவிடுகிறோம். வார்க்கும்போது நாங்கள் ஒருநாளும் கீழே இருப்பதில்லை, பயப்படாதே. அதில் அவர் கண்டிப்பு. கடைசிச் சொட்டு ஈயம் உறைகிற வரை கதவுக்குத் தாழ்ப்பாள்.

நான் இறங்கியதும் முதலில் பெருக்குவேன். உருக்கும்போது மேலே மிதக்கும் கசடை அவர் கரண்டியால் வழித்து டப்பாவில் போடுகிறார். அது சாம்பல் மாதிரி பறந்து எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்திருக்கும். கம்பளத்தை வெளியே எடுத்துப்போய் உதறலாம் என்றால், பனியில் நனைந்துவிடும் என்று விடமாட்டார். கீழேயே தட்டிப் பெருக்குகிறேன். துடைக்கக் கூடாது என்பதால் நாளுக்கு இரண்டு தடவை. பார்த்தாயா, உன் தங்கை சோம்பேறி இல்லை.

மார்னி தன் மரக் குதிரைகளை அந்தக் கம்பளத்தில் வரிசையாக நிறுத்தி மேய விடுகிறாள். மேசையில் உட்கார்த்தி வைத்து பிஸ்கட் கொடுத்தால் தின்னமாட்டாள். அதைக் கம்பளத்தில் போட்டு, குதிரைக்குக் காட்டி, பிறகுதான் தன் வாயில் போட்டுக்கொள்வாள். குதிரைக்காரன் மகள் வேறு எப்படி இருப்பாள்?

உன் கையெழுத்து ஏன் இப்படிக் கோணுகிறது? கண்ணைக் காட்டிக்கொள்.
வெர்லா


முகாம்
5 டிசம்பர் 1977

அன்பு வெர்லா,

கண் நன்றாகத்தான் இருக்கிறது. குளிரில் விரல் மடங்குவதில்லை, அவ்வளவுதான். வயிறும் கொஞ்ச நாளாகச் சரியில்லை, பிடித்துப் பிடித்து வலிக்கிறது. எல்லாம் கஸ்ஸின் பீன்ஸ். அவனிடம் சொன்னால், “நீ மட்டும்தான்யா என் சாப்பாட்டத் திட்ற, மத்தவன்லாம் தட்ட நக்குறான்” என்கிறான். விமானம் வந்தால் ஃபேர்பேங்ஸ் நகரத்துக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.

மாப்பிள்ளை சொன்னபடி கேட்டதில் சந்தோஷம். குழந்தைக்குக் கதகதப்பான இடம் கிடைத்ததே பெரிய விஷயம். கிறிஸ்துமஸ் வாழ்த்தும் மார்னிக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

ராய்ஸ்


ரவுண்டப்
2 ஜனவரி 1978

அன்புள்ள அண்ணா,

புத்தாண்டு வாழ்த்துகள். உன் வயிறு எப்படி இருக்கிறது? ஃபேர்பேங்ஸ் போனாயா, டாக்டர் என்ன சொன்னார்? ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இங்கே மார்னிக்கு உடம்பு சரியில்லை. பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை. பிறந்தநாள் கேக்கைக்கூட விரலால் தள்ளிவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். மலம் கழிக்க முக்கி முக்கி முகம் நீலமாகிறது. ஊர் டாக்டரிடம் காட்டினேன். இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் போதவில்லை என்று இரும்புச்சத்துச் சொட்டுமருந்து கொடுத்தார். இந்த வயதில் எல்லாக் குழந்தையும் அடம் பிடிக்கும் என்றார்.

அடம்தானா, தெரியவில்லை. முன்பு குதிரை, மாடு, அப்பா, பனி என்று பார்த்ததையெல்லாம் சொல்லுவாள். இப்போது சுட்டிக்காட்டி “ஊம், ஊம்” என்கிறாள். ஆர்டன், “பேசிப் பேசிக் களைச்சுப் போயிட்டா, விடு” என்று சிரித்தார். பிறகு அவரே மண்டியிட்டு, “அப்பா சொல்லு தங்கம், அப்பா சொல்லு” என்று கெஞ்சினார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிர் தாங்காது என்று, அவர் வார்க்காத நேரமெல்லாம் அவளைக் கீழேயே வைத்திருக்கிறேன். பகலில் அங்கேதான் தூங்குகிறாள். சீக்கிரம் எழுது. உன்னோடு பேசினால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

வெர்லா


ரவுண்டப்
25 ஜனவரி 1978

அண்ணா,

எப்படி இருக்கிறாய்? கிறிஸ்துமஸிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. விமானம் வரவில்லையா, உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா? கோபம் என்றால் திட்டியாவது எழுது.

மார்னி படியில் இரண்டு தடவை உருண்டுவிட்டாள். நேராக நடந்தவள், இப்போது குடித்தவன் மாதிரி கால் பின்னுகிறது. காலையில் வாந்தி எடுக்கிறாள். தூக்கினால் கடிக்கிறாள். மறுபடி அதே டாக்டர், அதே மருந்து. யாரிடம் சொல்வது? ஆர்டன், இரவு நாங்கள் மேலே வந்ததும், பொழுது போகாமல் கீழே போய் வார்த்துக்கொண்டே இருக்கிறார்.

எழுது அண்ணா.
வெர்லா


முகாம்
6 பிப்ரவரி 1978

அன்பு வெர்லா,

இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல கஸ் எழுதுகிறான். வழுக்கி விழுந்து மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. வேறொன்றும் இல்லை. பனிப்புயலால் ஒரு மாதமாக விமானம் வரவில்லை. உன் இரண்டு கடிதமும் நேற்றுதான் ஒன்றாகக் கைக்கு வந்தன. நான் நலம்.

குழந்தையைப் பில்லிங்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. ஊர் டாக்டரை நம்பி இருக்காதே. அப்புறம், அவளைக் கீழே வைத்துக்கொள்ள வேண்டாம். நிலவறையில் என்னதான் இருந்தாலும் காற்றோட்டம் போதாது. மேலே குளிர்ந்தாலும் பரவாயில்லை, இரண்டு கம்பளி அதிகமாகப் போர்த்திவிடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு.

ராய்ஸ்

அம்மா, இனி வருவது கஸ் மாட்டிலா ஆகிய நான் சொந்தமாக எழுதுவது. உங்கள் அண்ணன் உறையை ஒட்டச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். இதை எழுதுவது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் என் கழுத்தை நெரிப்பார். நெரிக்கத்தான் கையில் பலமில்லை.

சுளுக்கு இல்லை அம்மா. இரண்டு மணிக்கட்டும் தொங்கிவிட்டன. வலது கை சுத்தமாகத் தூக்க முடிவதில்லை. கரண்டி பிடித்தால் விழுகிறது, நான்தான் ஊட்டுகிறேன். டிசம்பர் நடுவில் ஃபேர்பேங்ஸ் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, உடம்பெல்லாம் ஈயம் என்று சொல்லிவிட்டார். புகையைவிடத் தூசிதான் மோசமாம். அந்தக் கசடுப் பொடி கையில் ஒட்டி, சிகரெட்டோடும் ரொட்டியோடும் வாய்க்குள் போய்விடுகிறதாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே கூடாது, அவர்களுக்கு மூளைக்கு ஏறிவிடும் என்றும் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அன்றைக்கே சொன்னேன், “யோவ், உன் தங்கச்சிக்கு ஒரு ஃபோன் போடு” என்று. “அவ வீட்டு ஃபோன் பல வீட்டுக்கும் பொது லைன், பள்ளத்தாக்கே காது வச்சுட்டு உக்காந்திருக்கும். எனக்குக் கை விழுந்த கதைய ஊரே பேசணுமா? மாப்ள ஜன்னலத் திறந்து வச்சுத்தான் பண்றாரு, ஒண்ணும் ஆகாது. கை சரியாகட்டும், நானே எழுதுறேன்” என்றார். நேற்று உங்கள் கடிதங்களைப் படித்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இன்று இதைச் சொல்லி எழுதச் சொன்னார். இது போதாது என்று எனக்குப் பட்டது.

குழந்தையை இப்போதே தூக்கிக்கொண்டு போங்கள் அம்மா. டாக்டரிடம் ஈயம் என்று சொல்லுங்கள்.
கஸ்


பில்லிங்ஸ்
22 பிப்ரவரி 1978

மதிப்பிற்குரிய கஸ் மாட்டிலா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. புதன்கிழமையே மார்னிக்கு வலிப்பு வந்துவிட்டது. ஆர்டன் வண்டியை ஓட்ட, நான் அவள் பல்லுக்கிடையில் என் விரலை வைத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தோம். மூளைக் காய்ச்சலா, தலையில் அடியா என்று இவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை தபாலை எடுத்துக்கொண்டு வந்தார். நான் படித்த உடனே அந்தத் தாளோடு ஓடி டாக்டர் கையில் கொடுத்தேன். ரத்தம் எடுத்தார்கள். நீங்கள் எழுதியதுதான் சரி.

தொடையில் ஊசி போடுகிறார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஊசியைப் பார்த்தால் அழுகிறாள், அழுவதே நல்லது என்கிறார் நர்ஸ். மூளை வீங்கியிருக்கிறது. எவ்வளவு குணமாகும் என்று கேட்டால் தோளைத் தட்டுகிறார்கள்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். ஜன்னல் திறந்திருந்ததா? திறந்திருந்தது. வார்க்கும்போது குழந்தை இருந்ததா? இல்லை. “அப்போ தரைய எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க?” என்றார். காய்ந்த துடைப்பத்தால் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். “ஈரத்துணியால துடைச்சிருந்தா இவ்வளவு ஆகியிருக்காதும்மா. நீங்க பெருக்கப் பெருக்க அது பறந்து பறந்து அவ மேலதான் உக்காந்திருக்கு.” ஈயம் வெடிக்கும் என்று பயந்து நாங்கள் தண்ணீரையே காட்டாமல் வைத்திருந்தோம் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற ஆர்டன் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் எழுதினீர்கள். உங்களுக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள். இதை அண்ணனுக்குப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம்.

வெர்லா


முகாம்
19 மார்ச் 1978

வெர்லா,

இடது கையால் எழுதுகிறேன். அதுவும் நடுங்குகிறது, பொறுத்துக்கொள். கஸ் படித்துக் காட்டினான்.

டாக்டர் சொன்ன அன்றே உனக்கு எழுத உட்கார்ந்தேன். பேனா நிற்கவில்லை. இந்தக் கிறுக்கலைப் பார்த்தால் பயந்துவிடுவாய் என்று கிழித்துப் போட்டேன். பிறகு தள்ளிப் போட்டுக்கொண்டே வந்துவிட்டேன். மாப்பிள்ளை கவனமான ஆள், ஜன்னல் திறந்திருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

குழந்தை எப்படி இருக்கிறாள்? மே மாதம் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். உன் காலில் விழுகிறேன். வரட்டுமா?

ராய்ஸ்


ரவுண்டப்
16 ஏப்ரல் 1978

ராய்ஸ் அண்ணனுக்கு,

மார்னியை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். உயிர் தப்பிவிட்டாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். மெதுவாக நடக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. வலிப்புக்கு மருந்து தருகிறோம். கூப்பிட்டால் சில நாள் திரும்பிப் பார்க்கிறாள், சில நாள் பார்ப்பதில்லை. பேச்சு இல்லை. இனி வருமா என்று பில்லிங்ஸ் டாக்டரைக் கேட்டேன். “எதிர்பாக்காம இருங்க, வந்தா சந்தோஷப்படுங்க” என்றார்.

ஆர்டன் சட்டி, அச்சு, கம்பளம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு எங்கேயோ போய்ப் புதைத்துவிட்டு வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. நாளெல்லாம் மண்டியிட்டுக் கீழே தரையைக் கழுவுகிறார். முதுகு வலிக்குமே என்றால், “வலிக்கட்டும்” என்கிறார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் இருவருக்கும் அந்தத் துடைப்பம்தான் ஞாபகம் வருகிறது.

தண்ணீர் கூடாது என்று நீ சொன்னதற்கு எனக்குக் கோபமில்லை. உனக்குத் தெரிந்ததை எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னாய். துடைப்பத்தைப் பிடித்தவள் நான். அந்தப் பாவம் என்னுடையது, அதை நான் சுமக்கிறேன்.

ஆனால் டிசம்பரில் உனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும் அண்ணா. கஸ்ஸின் கையால், தந்தியால், ஃபேர்பேங்ஸில் கிடைத்த ஒரு ஃபோனால். பள்ளத்தாக்கே கேட்டால் என்ன, கேட்டிருக்கட்டுமே. கேட்டவர்களில் ஒருத்தராவது ஓடி வந்து என் பிள்ளையை மேலே தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். உன் கையெழுத்து கிறுக்கலாக இருந்தால் நான் பயந்திருப்பேன் என்கிறாய். பயந்திருக்க வேண்டியவள்தானே நான்? என்னைப் பயப்பட விட்டிருக்கலாம் அல்லவா?

நீ டாக்டரைப் பார்த்த அந்த வாரம் மார்னி கேக்கைத் தள்ளிவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு வயிறு மட்டும்தான் வலித்தது. அன்றைக்கு அவள் “பனி” என்று சொன்னாள்.

மே மாதம் வராதே. எப்போது வரலாம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன்.

நாங்கள் நலம் என்று இந்தத் தடவை எழுத முடியவில்லை. உன் கை எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

வெர்லா